பூச்செடிக்கு நடுவுல தானா முளைச்சது: பிடுங்கறதா, விடறதா?

2024 ஜூன் 11, பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்

புது வீட்டு முன்னாடி ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் வெச்சிருக்கேன். மழை பேஞ்சதும் பூச்செடியை விடக் களைதான் ஜாஸ்தியா நிக்குது. ஆள் விட்டு எடுத்தா ரெண்டு வாரத்துல மறுபடி வந்துடுது. பேசாம மருந்து அடிச்சுடலாம்னு இருக்கேன். பூந்தோட்டத்துக்கு அழகே சுத்தம்தானே? எது நல்லா கேக்கும்?

ஜூன் 11, ராத்திரி, கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பதில்

அடிக்காதீங்க தம்பி. முதல்ல குனிஞ்சு என்ன முளைச்சிருக்குன்னு பாருங்க. உங்க ஊருக்கும் எங்க கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவுல கோபாலபுரம் செக்போஸ்ட் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அதே காத்து, ஏறக்குறைய அதே மழை. உங்க வாசல்ல இப்ப நிக்கிறது அநேகமா கானாவாழை, புளியாரை, தும்பை, தாத்தாப்பூ, பருப்புக்கீரை, தொட்டாச்சிணுங்கி, அப்புறம் கொஞ்சம் கோரை. கோரையைப் பிடுங்குங்க. கிழங்கோட தோண்டி எடுத்தாத்தான் அடங்கும், மேலே கிள்ளினா பத்தாது. மத்ததெல்லாம் ஒரு தடவை பூக்கட்டும், அதுவரைக்கும் கை வைக்காதீங்க. பூத்த பிறகு பார்த்துட்டு வேண்டாம்னு தோணினா பிடுங்குங்க.

ஜூன் 12

கானாவாழையைப் பத்தி நேத்தே எழுதியிருக்கணும். காலையில ஏழு மணிக்குப் போய்ப் பாருங்க. இலை மடிஞ்சு ஒரு சின்னக் கூடு மாதிரி இருக்கும், அதுக்குள்ளேயிருந்து ஒரு பூ தலையை நீட்டும். மேலே ரெண்டு இதழ் நல்ல நீலம், கீழே மூணாவது இதழ் ஒண்ணு சின்னதா ஒடுங்கி இருக்கும். நடுவுல மஞ்சள் மகரந்தம். நர்சரியில இந்த நீலத்துல ஒரு செடி கேட்டா விலை சொல்லியே நம்மளைத் திருப்பி அனுப்பிடுவாங்க. மத்தியானத்துக்குள்ள இதழ் கரைஞ்சு ஈரமா சுருண்டுடும், அதனால பத்து மணிக்கு மேல எழுந்து பார்க்கறவங்களுக்கு அது வெறும் புல்லுதான்.

ஒரு செடியை வேரோட மெதுவா பெயர்த்துப் பாருங்க. மண்ணுக்குள்ள வெள்ளையா தண்டு ஓடும், அதுலயும் பூ இருக்கும். திறக்காத பூ. மண்ணுக்குள்ளேயே தன்னைத் தானே சூல் பிடிச்சு விதை வைக்கும். மேலே பூக்கறதை மாடு மேய்ஞ்சாலும் கீழே ஒரு சேமிப்பு இருக்கு. ஆள் விட்டு எடுத்தும் ரெண்டு வாரத்துல திரும்ப வருதுன்னு சொன்னீங்களே, அதுல பாதி இதுதான்.

ஜூன் 14

"சுத்தம்தானே அழகு"ங்கறதுக்கு இன்னும் பதில் சொல்லலை.

வெறும் மண் தெரியற பாத்தி எனக்கு அழகா தெரியறதில்லை. இங்க பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி ஆடியில ஒரு மாதிரி அடிக்கும், மார்கழி தையில கிழக்கேயிருந்து இன்னொரு மாதிரி அடிக்கும். மூடாத மண்ணை அது அள்ளிட்டுப் போயிடும், மிச்சத்தைக் காய வெச்சுடும். ரோஜா வேருக்கு மேலே புளியாரை படர்ந்து கிடந்தா அந்த மண் வெயில்லயும் கொஞ்சம் ஈரம் வெச்சிருக்கும். எங்க வீட்டுல ரோஜாத் தொட்டி எல்லாத்துலயும் புளியாரை இருக்கு. குட்டி மஞ்சள் பூ, சாயந்திரம் மடிஞ்சுக்கற இலை. காயை விரலால தொட்டா விதை தெறிக்கும். இலையைத் துவையல் அரைச்சா புளியே வேண்டாம்.

சுத்தமே வேண்டாம்னு நான் சொல்லலை. நடைபாதை ஓரத்தை மட்டும் ரெண்டடிக்கு நேரா வெட்டி விடுங்க. ஓரம் ஒழுங்கா இருந்தா உள்ளே இருக்கற காடும் வேணும்னு வளர்த்ததுன்னு பார்க்கறவங்களுக்குப் புரியும். எங்க வீட்டுக்கு வர்றவங்க முகம் சுளிக்கிறது இப்படி வெட்டினதுக்கப்புறம் நின்னு போச்சு.

ஜூன் 20

பூக்கட்டும்னு சொன்னதுக்கு ஒரு விலக்கு உண்டு. நல்லா யோசிச்சுட்டு எழுதறேன், ஏன்னா இதுல தயவு பார்க்கக் கூடாது.

பார்த்தீனியம். 1955ல புனேவுல கண்ணுக்குப் பட்ட செடி, இப்ப நாடு பூரா இருக்கு. வெள்ளைப் பூ தூரத்துல அழகாத்தான் தெரியும். ஆனா தொட்டா தோல் தடிச்சு அரிக்கும், மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். ஒரு செடியே ஆயிரக்கணக்குல விதை போடும். இதைப் பூக்க விட்டா தோத்தோம். சின்னதுலயே தெரிஞ்சுக்கலாம்: கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டான இலை தரையோட தரையா வட்டமா படிஞ்சு கிடக்கும். அப்பவே கையுறை போட்டு, மண் ஈரமா இருக்கறப்ப வேரோட எடுத்துடுங்க. இதைத் திங்கறதுக்குன்னே மெக்சிகோவுலருந்து ஒரு வண்டைக் கொண்டாந்து 1984ல பெங்களூர்ல விட்டாங்க. மழைக்காலத்துல இலையை நல்லா திங்கும், ஆனா நம்ம வாசலுக்கு அதை நம்பி உட்கார முடியாது.

ஒவ்வொண்ணையும் தனித்தனியா தெரிஞ்சுக்கணும்னு நான் சொல்றது இதுக்காகவும்தான். எல்லாத்துக்கும் ஒரே மருந்து அடிக்கறவங்களுக்குத் தும்பையும் பார்த்தீனியமும் ஒண்ணு. அது தும்பைக்குச் செய்யற அநியாயம்.

ஜூலை 2

செங்கோட்டை அக்கா கேட்ட கேள்வி நியாயமானது: "புல்லு பூண்டை விட்டா பாம்பு வராதா?"

வரலாம். எலியும் தவளையும் இருக்கற இடத்துக்கு அது வரும். ஒளியறதுக்குக் கல் குவியல், விறகு அடுக்கு, ஓட்டைச் சுவர் பிடிக்கும். எங்க வீட்டுல பாம்பு பார்த்தது தேங்காய் மட்டை அடுக்குக்கு அடியில. வாசப்படி, கிணத்தடி, துணி காயப் போடற இடம் மூணையும் சுத்தமா வையுங்க. பூண்டு முழங்காலுக்கு மேலே போனா வெட்டி விடுங்க. ராத்திரி டார்ச் இல்லாம இறங்காதீங்க. கேரளாப் பக்கம் இருக்கறவங்க வனத்துறையோட சர்ப்பா செயலியைப் போன்ல வெச்சுக்கலாம், பயிற்சி எடுத்த ஆள் வந்து பிடிச்சுட்டுப் போவாங்க.

ஜூலை 18

மலையாளத்து ஆடி மாசம், கர்க்கடகம் பிறந்துடுச்சு. பக்கத்து வீட்டுச் சேச்சி காலையிலேயே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "மோளே, அவிடெ முக்குற்றி உண்டோ?"ன்னு கேட்டாங்க. அவங்க வாசல்ல போன வருஷம் டைல்ஸ் கல் பதிச்சுட்டாங்க, அதனால முக்குற்றிக்கு எங்க வீடுதான்.

முக்குற்றி ரொம்பக் குட்டைச் செடி. ஒரே தண்டு, உச்சியில சுத்தி இலை, பொம்மைக்குச் செஞ்ச தென்னை மரம் மாதிரி. நடுவுல மஞ்சள் பூ. தொட்டா இலை மெதுவா மடங்கும், தொட்டாச்சிணுங்கி அளவுக்கு வேகம் கிடையாது. கர்க்கடகத்துல பெண்கள் இதை அரைச்சு நெத்தியில பொட்டு வைப்பாங்க. பறிச்சுக் கொடுக்கறப்ப சேச்சி தசபுஷ்பத்தைச் சொல்லிட்டே வந்தாங்க, நான் மனசுக்குள்ள நம்ம பேரோட சேர்த்துட்டே வந்தேன். அருகு, சிறுபூளை, முக்குற்றி, பூவாங்குருந்தல், கரிசலாங்கண்ணி, நிலப்பனை, விஷ்ணுகிராந்தி, முயல்செவி, முடக்கத்தான், தாளி. பத்துல ஒண்ணைக்கூட யாரும் விதை வாங்கி நடறதில்லை. அத்தனையும் வயல் வரப்புலயும் வாசல் ஓரத்துலயும் தானா வர்றது. இந்தப் பத்தையும்தான் திருவாதிரை ராத்திரி தலையில சூடறாங்க.

நாம ஆள் விட்டுக் கூலி கொடுத்துப் பிடுங்கிப் போடறது இதைத்தான், தம்பி.

ஜூலை 19

சேச்சி பத்திலைத் தோரனும் (பத்து வகை இலை போட்ட பொரியல்) கொடுத்து விட்டாங்க. தகரை, மூக்கிரட்டை எல்லாம் போட்டது. தேங்காய் கொஞ்சம் தாராளம். நல்லா இருந்துச்சு.

ஆகஸ்ட் 4

உடுமலைப்பேட்டை அண்ணா பத்துமணிப்பூத் தொட்டி படம் போட்டிருந்தார். அடுக்கடுக்கா, கலர் கலரா, உண்மையிலேயே அழகு. கூடவே, "தொட்டிக்குள்ள பருப்புக்கீரை வந்து உயிரை வாங்குது, தினமும் பிடுங்கறேன்"னு எழுதியிருந்தார்.

அண்ணா, ரெண்டும் ஒரே குடும்பம். தண்டை ஒடிச்சுப் பாருங்க, அதே சதைப்பத்து, அதே சிவப்பு. பூவும் மஞ்சள்ல குட்டியா, வெயில் ஏறினதும் கொஞ்ச நேரம் திறந்து மூடிக்கும். ஒரு தொட்டியில மட்டும் விட்டுப் பாருங்க. முள்ளு முள்ளா கறுப்புப் புழு வந்து திங்கும், அதையும் விடுங்க. அதுலருந்து வர்ற பட்டாம்பூச்சியில ஆண் கறுப்பு. இறக்கையில பெரிய வெள்ளைப் பொட்டு, பொட்டைச் சுத்தி ஊதா மினுக்கம், வெயில் படற கோணத்துல மட்டும் தெரியும். பெண்ணுக்கு இதோட சம்பந்தமே இருக்காது, ஆரஞ்சு நிறம், இறக்கை நுனியில மட்டும் கறுப்பும் வெள்ளையும். எருக்கஞ்செடியில வளர்ற பட்டாம்பூச்சி ஒண்ணு இருக்கு, எருக்கு விஷம் உடம்புல இருக்கறதால குருவி அதைத் தொடாது. இந்தப் பெண் அதோட வேஷம் போட்டுக்கிட்டுப் பிழைக்குது. எருக்கும் பருப்புக்கீரையும் ஒரே தெருவுல இருந்தாத்தான் இந்த நாடகமே நடக்கும்.

புளியாரைக்கும் ஒரு பட்டாம்பூச்சி இருக்கு. நகத்தளவு, வெளிர் நீலம். தரையை ஒட்டியே பறக்கும். முட்டை வைக்கறது புளியாரை இலையில.

ரோஜாவுக்கு நான் எதிரி இல்லை. ஆனா எங்க அடுக்கு ரோஜாவுல ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். தாத்தாப்பூவுல எப்பவும் ஏதாவது ஒண்ணு இருக்கும்.

ஆகஸ்ட் 5

தாத்தாப்பூன்னா எதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. காயம் பட்டா கசக்கித் தேய்ப்போமே, வெட்டுக்காயப் பூண்டு, அதேதான். "தாத்தா தாத்தா தலையைக் குடு"ன்னு பாடிட்டே பெருவிரலால தலையைச் சுண்டி விடுவோம். சுண்டறதுக்கு முன்னாடி ஒரு தரம் உத்துப் பாருங்க: ஓரத்துல இருக்கற வெளிர் இதழ் ஒவ்வொண்ணுக்கும் நுனியில மூணு பல் வெட்டியிருக்கும். நடு அமெரிக்காவுலருந்து வந்த செடி, நம்ம பிள்ளைங்க பாட்டுல குடியேறி உட்கார்ந்துடுச்சு.

செப்டம்பர் 8

ஓணத்துக்குப் பத்து நாள் பூக்களம் போடறது அத்தத்துல தொடங்கியாச்சு. வாளையார் வழியா, வேலந்தாவளம் வழியா செண்டுமல்லி லோடு போயிட்டே இருக்கு. நம்ம விவசாயிங்களுக்கு நல்ல காசு, சந்தோஷம்தான். ஆனா ஓணத்துக்கு உரிய பூ தும்பை. திருக்காக்கரையப்பனுக்கு (ஓணத்துக்கு வீட்டுல வெச்சுக் கும்பிடற வாமனர்) அதுதான் சாத்தணும். சேச்சி வீட்டுல முதல் நாள் பூக்களத்துக்குத் தும்பை மட்டும்தான் போடுவாங்க. இப்ப பாலக்காடு டவுன்ல இருக்கற பிள்ளைங்களுக்குத் தும்பை எங்க கிடைக்கும்? இந்த வாரம் அவங்க பேத்தி கிண்ணத்தைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் வர்றா.

அவளோட உட்கார்ந்து நானும் பறிச்சேன். தும்பையைப் பறிக்கவே வேண்டாம், விரல் பட்டா கையில விழும். மேல் உதடு வளைஞ்சு கூரை, அது மேலே வெள்ளைப் பஞ்சு முடி. கீழ் உதடு அகலமா விரிஞ்சு தேனீ இறங்கறதுக்குத் தளம். உடம்புல நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ வரும். அது தளத்துல இறங்கித் தலையை நுழைச்சதும் கூரைக்கு அடியில இருக்கற மகரந்தம் அதோட முதுகுல தடவிக்கும். அந்தப் பொண்ணு பூ பறிக்கறதை விட்டுட்டு அதையே பார்த்துட்டு இருந்தா. கிண்ணம் அரைகுறையாத்தான் நிறைஞ்சுது.

சங்க காலத்துல ரெண்டு அரசர்களும் நேருக்கு நேர் நின்னு கடைசி வரைக்கும் போர் செய்யப் போறப்ப சூடின பூ இது. எத்தனை பெரிய பூவெல்லாம் இருந்தும் இந்தத் துளியூண்டு வெள்ளையைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க. களத்துல செத்துப் போகலாம்னு தெரிஞ்சவங்க தலையில தும்பை. என்னைக்கு நினைச்சாலும் இது எனக்கு நெஞ்சை அடைக்கும்.

அக்டோபர் 16

மருந்து விஷயத்துக்குத் திரும்பறேன். தம்பி தனிச்செய்தியில, "கிளைபோசேட் அடிச்சா என்ன ஆகும்?"னு கேட்டிருந்தார், எல்லாருக்கும் பொதுவா இங்கேயே எழுதறேன்.

அது பச்சையா இருக்கற எதுல பட்டாலும் உறிஞ்சி வேர் வரைக்கும் போகும். களை எது, கறிவேப்பிலை எதுன்னு அதுக்குத் தெரியாது. எங்க தெருவுல ஒரு வீட்டுல ஆளை விட்டு அடிச்சாங்க, காத்துல சாரல் பறந்து பக்கத்து வீட்டு மல்லிப் பந்தல் இலை மஞ்சளாகிக் கருகிப் போச்சு. மல்லி வெச்சிருந்த அம்மா அதைக் கட்டித்தான் கோயில் வாசல்ல விக்கறாங்க. கேரளா 2019லயே இதோட விற்பனையைத் தடை பண்ணிடுச்சு. 2022ல மத்திய அரசும் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலைக்கு உரிமம் உள்ளவங்கதான் அடிக்கணும்னு அறிவிச்சுது. வீட்டுப் பூந்தோட்டத்துல நாமளே பம்பு தூக்கற பேச்சுக்கே இடமில்லை.

களைக்கொத்து ஒண்ணு வாங்குங்க. மழை விட்ட மறுநாள், மண் இளகி இருக்கறப்ப, வேண்டாததை மட்டும். அதுக்கு மேலே எதுவும் தேவையில்லை.

நவம்பர் 10

பேச்சு மருந்துலயே நின்னுடக் கூடாது. பிள்ளைங்களுக்கு இந்தப் பூண்டுங்கதான் எத்தனை விளையாட்டுச் சாமான்!

பட்டாசுக்காய்: ஊதாப் பூ பூக்குமே, அதோட காய்ஞ்ச காயை எச்சில் தொட்டோ தண்ணியில போட்டோ வெச்சா படார்னு வெடிக்கும். நாங்க அடுத்தவங்க முதுகுல சட்டைக்குள்ள போட்டு விடுவோம். அப்புறம் மஷித்தண்டு. கிணத்தடி ஈரச் சுவர்ல கண்ணாடித் தண்டோட நிக்கும், கேரளாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அதை ஒடிச்சு சிலேட்டு அழிப்பாங்க. எங்க வீட்டுக்காரர் மலையாளம் மீடியத்துல படிச்சவர், இன்னைக்கும் அதைப் பார்த்தா ஒரு தண்டை ஒடிச்சுக் கையில உருட்டிட்டே பேசுவார். முடக்கத்தான் காய் காத்தடைச்ச பையா தொங்கும். காய்ஞ்சதும் பிய்ச்சா உள்ளே கறுப்பு விதை. ஒவ்வொரு விதையிலயும் வெள்ளையா ஒரு இதயம் வரைஞ்சிருக்கும், கொஞ்சம்கூடப் பிசகு இருக்காது. சேச்சியோட பேத்தி கமர்கட்டு டப்பாவுல அதைச் சேர்த்து வெச்சிருக்கா.

டிசம்பர் 3

"நர்சரியில விக்கறதை நம்பலாம், தானா வர்றதை நம்ப முடியாது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். எனக்கு இது நேர்மாறா படுது.

உண்ணிச்செடி இன்னைக்கு முதுமலை, பந்திப்பூர் காட்டுக்கெல்லாம் எவ்வளவு பெரிய தொல்லை! அதைப் பத்தொன்பதாம் நூத்தாண்டு தொடக்கத்துல அழகுச் செடின்னு கொண்டாந்து கல்கத்தா தாவரத் தோட்டத்துல வெச்சாங்க. ஆகாயத்தாமரையும் பூவுக்காகத்தான் ஊர் ஊரா போச்சு. வெடேலியான்னு மஞ்சள் பூத் தரைப்படர்வு விக்கறாங்களே, கேரளாவுல வாய்க்கால் ஓரம் பூரா அதுதான் இப்ப, அடியில வேற ஒண்ணும் முளைக்க முடியாது. எங்க வாசல்ல அது வேலிக்கு அடியில நுழைஞ்சப்ப நான் பிடுங்கினேன், வருத்தமே இல்லை. பூ நல்ல பூதான். ஆனா அது படர்ந்த ரெண்டு மூணு மாசத்துல முக்குற்றி இருந்த மூலையில முக்குற்றி இல்லை.

நித்தியகல்யாணி இதுக்கு வேற ஒரு கதை. மடகாஸ்கர்லருந்து வந்தது, சுடுகாட்டுப் பக்கம் தானா பரவிக் கிடந்ததுன்னு சொல்லி வீட்டுல வைக்க மாட்டாங்க. அதுலருந்துதான் ரத்தப் புத்துநோய்க்கு மருந்து எடுக்கறாங்க. இப்ப அதையே வின்கான்னு பேர் மாத்தித் தொட்டியில விக்கறாங்க, எல்லாரும் வாங்கறாங்க. வாங்கட்டும், நல்லதுதான். சுவர் விரிசல்ல தானா வந்த பழைய ரோஸ் கலர் நித்தியகல்யாணியையும் விட்டு வையுங்கன்னு மட்டும் கேட்டுக்கறேன்.

2025 ஜனவரி 13

இந்த வருஷம் போகியும் திருவாதிரையும் ஒரே நாள்!

காலையிலிருந்து எங்க வேலி ஓரத்துல சிறுபூளைக்கு ஆள் வந்துட்டே இருக்காங்க. நம்ம ஆளுங்க வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் சேர்த்துக் கட்டிக் கூரையில காப்பு செருகறதுக்கு. சேச்சி வீட்டுக்குத் தசபுஷ்பத்துல வைக்கறதுக்கு. அவங்க செறூளைன்னு கேட்டுப் பறிச்ச அதே கொத்துலதான் எங்க அத்தை பூளைன்னு பறிச்சாங்க. பொள்ளாச்சிச் சந்தையில இதைக் கட்டு கட்டா காசுக்கு விக்கறாங்க.

கிட்ட வெச்சுப் பாருங்க. இலைக் கக்கம் ஒவ்வொண்ணுலயும் வெள்ளைப் பஞ்சுக் கதிர். ஒரு கதிர்ல எண்ண முடியாத அளவுக்குப் பூ, ஒவ்வொரு பூவும் ஊசிமுனை. காய்ஞ்சாலும் நிறம் மாறாது, அதனாலதான் போன வருஷக் காப்பு இன்னும் தாழ்வாரத்துல வெள்ளையாவே தொங்குது.

ஜனவரி 19

தம்பி போட்ட படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். மருந்து அடிக்காம ஏழு மாசம் ஓட்டினதுக்கே முதல்ல என் பாராட்டு.

இட்லிப்பூவுக்குப் பின்னாடி இருக்கற ரெண்டு செடி பார்த்தீனியம், மொட்டு வெச்சுடுச்சு, நாளைக்கே எடுங்க. ரோஜாவைச் சுத்தி ஒரு சாணுக்கு அருகம்புல்லை மட்டும் கொத்தி விடுங்க, புளியாரை இருக்கட்டும். இடது பக்கம், தண்ணி வழியற இடத்துல, வெள்ளைப் பூ வரிசையா ஒரு வால்ல சுருண்டு நிக்குதே, அது தேள்கொடுக்கு. அதை எடுத்துடவான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். முத்தினதும் வெட்டி, தூக்கிப் போடாம அங்கேயே வேலியில தொங்க விட்டுக் காய விடுங்க. நம்ம பக்கம் வலசை போற நீலப் புலிப் பட்டாம்பூச்சியில ஆணுங்க காய்ஞ்ச தேள்கொடுக்குக்குத் தேடி வரும். அந்தச் சாறுலதான் பெண்ணைக் கூப்பிடற வாசனையைச் செஞ்சுக்கும். வந்தா படம் எடுத்து இங்கேயே போடுங்க, தம்பி.